கைத்துப்பாக்கிக்கு தற்காப்பு தோட்டா வாங்குறது எப்படி: மூணு தடவை தப்பா வாங்கினவன் சொல்றேன்

லைசென்ஸ் கைக்கு வந்தாச்சு, துப்பாக்கியும் வாங்கியாச்சு, இனி தோட்டா தானே, கடையில போய் நின்னா குடுத்துடப் போறாங்கன்னு தான் நானும் நினைச்சேன். முதல்ல வாங்கின பெட்டி என் துப்பாக்கிக்கே சேராத காலிபர் (தோட்டாவோட அளவு). ரெண்டாவது பெட்டி மேல இருந்த படத்தைப் பாத்து மயங்கி வாங்கினது, விலையோ கேக்கவே வேண்டாம், மூணாவது ரவுண்டுலயே (ஒரு ரவுண்டுன்னா ஒரு முழு தோட்டா) துப்பாக்கிக்குள்ள சிக்கிக்கிச்சு. மூணாவது தடவை "பவர் ஜாஸ்தி"ன்னு எழுதியிருந்ததை வாங்கி அடிச்சா மணிக்கட்டு வரைக்கும் விண்ணுன்னு தெறிக்குது, குறி எங்கயோ போகுது. கடைசியில இப்ப நான் வெச்சிருக்கிறது விளம்பரத்துல யாருமே கத்தாத ஒரு சாதாரண ரவுண்டு. அதுக்கு வர்றதுக்குள்ள போன காசுல ரெண்டு மாசம் ஒழுங்கா ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகுற இடத்துக்கு) போயிருக்கலாம். அந்தக் காசு உங்களுக்காவது மிஞ்சட்டும்னு தான் வரிசையா எழுதுறேன்.

1. முதல்ல பேப்பரைப் பாருங்க, அப்புறம் தோட்டாவைப் பாருங்க

லைசென்ஸை எடுத்து ஒரு தடவை முழுசா படிங்க. பல நாட்டுல எந்த காலிபர், ஒரு சமயத்துல எத்தனை ரவுண்டு கையில வெச்சுக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம்னு அதுலயே எழுதியிருக்கும். சில இடத்துல எண்ணிக்கை கட்டுப்பாடே இல்ல, ஆனா தோட்டா வகைக்குக் கட்டுப்பாடு இருக்கும், ஹாலோ பாயிண்ட் (மூக்குல குழி இருக்கிற, பட்டதும் விரியுற ரவுண்டு) சாதாரண ஆளுக்குக் கூடாதுன்னு சட்டமே இருக்கிற இடங்கள் உண்டு, இன்னும் சில இடத்துல வீட்டுல வெச்சுக்கலாம் வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு இருக்கும். இதை கடைக்காரர்கிட்ட வாய்மொழியா கேட்டு முடிக்காதீங்க, லைசென்ஸ் குடுத்த ஆபீஸ்ல கேளுங்க, முடிஞ்சா எழுத்துல வாங்கிக்கங்க. மாட்டினா பதில் சொல்ல வேண்டியது நீங்க தான், வித்தவர் இல்ல.

வருஷக் கணக்கு இருக்கிற இடத்துல இன்னொரு பொறி: டெஸ்ட் பண்ண சுடுற ரவுண்டும் அந்தக் கணக்குல தான் கழியும். சில இடத்துல சுட்ட காலிக் கேஸை (மருந்து இருந்த உலோகக் கூடு) திருப்பிக் காட்டினா தான் அடுத்தது தருவாங்க, அதனால ரேஞ்சுல கீழ விழுந்த கேஸை எல்லாம் பொறுக்கி ஒரு பையில போட்டு வைங்க. பில்லு, பெட்டி ரெண்டையும் தூக்கிப் போடாதீங்க. பெட்டியோட உள் மடிப்புலயோ பின்பக்கமோ லாட் நம்பர் இருக்கும், கம்பெனி எப்பவாவது அந்த லாட்டைத் திரும்ப வாங்கிக்கிறோம்னு அறிவிச்சா உங்களோடது அதுல சேருமா இல்லயான்னு பாக்க வேற வழியே கிடையாது.

2. பேரல்ல என்ன அடிச்சிருக்குன்னு படிங்க, எழுத்துக்கு எழுத்து

நான் முதல் தடவை விழுந்த குழி இது. "9 எம்எம் குடுங்க"ன்னு கேட்டேன், குடுத்தாங்க, வீட்டுக்கு வந்து பாத்தா சின்னதா இருக்கு. 9 எம்எம்ங்கிற பேர்ல ஒரு குடும்பமே இருக்குன்னு அப்ப தெரியாது. இன்னிக்கு பெரும்பாலான பிஸ்டல்ல போறது 9x19 (9 தடிமன், 19 கேஸ் நீளம், மில்லிமீட்டர்ல), அதுக்கே 9 எம்எம் லூகர், 9 எம்எம் பாராபெல்லம்னு ரெண்டு மூணு பேர். 9x17ன்னா அது பாயிண்ட் 380 ஏசிபி, இதுக்கு 9 எம்எம் குர்ட்ஸ், 9 எம்எம் ஷார்ட்னு வேற பேர் உண்டு, எனக்கு வந்தது இது தான். 9x18ன்னா மகரோவ், பேர் தான் 9, உண்மையில அதோட புல்லட் (தோட்டா முனையில இருந்து பறந்து போற குண்டு) 9.27 மில்லிமீட்டர் தடிமன், 9x19 புல்லட்டோ 9.01 தான். ஒண்ணுக்கொண்ணு மாத்திப் போடவே கூடாது. "உள்ள போகுதே, சுட்டாத்தான் என்ன"ன்னு முயற்சி பண்ணாதீங்க, உள்ள போறது வேற, பத்திரமா வெடிக்கிறது வேற.

பாயிண்ட் 32லயும் இதே கூத்து தான். பாயிண்ட் 32 ஏசிபி பிஸ்டலுக்கு, பாயிண்ட் 32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் ரிவால்வருக்கு. ரிவால்வர்ல பாயிண்ட் 357 மேக்னம்னு எழுதியிருந்தா அதுல பாயிண்ட் 38 ஸ்பெஷலும் சுடலாம், ஆனா பாயிண்ட் 38 ரிவால்வர்ல 357 சுடக் கூடாது. பேரல்ல இருக்கிறது, பெட்டியில இருக்கிறது, தோட்டாவோட அடியில வட்டமா அடிச்சிருக்கிறது, மூணும் ஒரே காலிபரைச் சொல்லணும், அவ்வளவு தான். கடைக்குப் போறதுக்கு முன்னாடி பேரல்ல இருக்கிற எழுத்தை ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க (துப்பாக்கியைக் காலி பண்ணிட்டு, சேம்பரை, அதாவது பேரலோட பின்பக்கம் தோட்டா உக்கார்ற இடத்தை, கண்ணால பாத்துட்டு, விரலாலயும் தடவிப் பாத்துட்டு தான்).

3. "பிளஸ் பி"ன்னு போட்டிருந்தா மேனுவலைத் தேடுங்க

பிளஸ் பின்னா உள்ள அழுத்தம் கூட. 9x19க்கு அமெரிக்கால தோட்டா தரத்தை நிர்ணயிக்கிற சாமி அமைப்பு வெச்ச உச்சம் 35,000 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அலகு), பிளஸ் பிக்கு 38,500. (சாமின்னதும் சிரிக்காதீங்க, அது ஆங்கில எழுத்தோட சுருக்கம்.) பத்து சதவீதம் தான் கூட, ஆனா பழைய துப்பாக்கி, அலுமினிய ஃப்ரேம் போட்ட குட்டி ரிவால்வர் இதெல்லாம் அதைத் தாங்கும்னு சொல்ல முடியாது. மேனுவல்ல சரின்னு எழுதியிருந்தா சுடுங்க, எழுதலன்னா விட்டுடுங்க. "பிளஸ் பி பிளஸ்"னு ஒண்ணு இருக்கு, அதுக்கு சாமி தரமே கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஏத்தி வெச்சது. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ரெண்டுமே தேவையில்லங்கிறது என் கருத்து, சாதாரண அழுத்தத்துலயே நல்ல ரவுண்டு கிடைக்குது, ஸ்பிரிங்கும் நாள் பிடிக்கும், கையும் தப்பிக்கும்.

4. எஃப்எம்ஜேவா ஹாலோ பாயிண்டா

கடையில "பால்"னு சொன்னா அது காய்ச்சுற பால் இல்ல, எஃப்எம்ஜே, அதாவது முழுசா உலோக உறை போட்ட உருண்டை மூக்கு ரவுண்டு. விலை கம்மி, பெட்டிக்கு 50 வரும், பழகுறதுக்கு இது தான். தற்காப்புக்கு இதுல என்ன சிக்கல்னா விரியாது, ஒரு ஆளை ஊடுருவிட்டு அந்தப் பக்கம் போய் இன்னொருத்தர் மேல படலாம். அந்த இன்னொருத்தர் உங்க வீட்டு ஆளா கூட இருக்கலாம்.

ஹாலோ பாயிண்ட் மூக்குல குழி இருக்கும், ஈரமான திசுவுல பட்டதும் அந்தக் குழி அழுத்தத்துல விரிஞ்சு பூ மாதிரி ஆகும், 9 மில்லிமீட்டர் சுமார் 14, 15 வரைக்கும் போகும், விரியுறதால வேகம் சீக்கிரம் அடங்கும், வெளிய போற வாய்ப்பு குறையும். போலீஸ்காரங்க பல நாட்டுல இதை வெச்சிருக்கிறதுக்குக் காரணமும் இது தான், கொடூரத்துக்காகன்னு சிலர் சொல்றது விவரம் தெரியாம சொல்றது.

ஆனா ஒண்ணு, "ஹாலோ பாயிண்ட்னா சுவத்தைத் தாண்டாது"ன்னு யாராவது சொன்னா நம்பவே நம்பாதீங்க. மெல்லிய ஜிப்சம் பலகைச் சுவரை எந்த உருப்படியான கைத்துப்பாக்கி ரவுண்டும் துளைச்சுட்டுப் போகும், குழியில ஜிப்சம் தூள் அடைச்சுக்கிட்டா அது விரியாம எஃப்எம்ஜே மாதிரியே போய்க்கிட்டே இருக்கும். குறிக்குப் பின்னாடி யார் இருக்காங்கங்கிற கேள்விக்குத் தோட்டாவால பதில் வாங்க முடியாது.

விதிவிலக்கும் இருக்கு. பாயிண்ட் 32 ஏசிபி, பாயிண்ட் 25 மாதிரி சின்ன காலிபர்ல ஹாலோ பாயிண்ட் விரிஞ்சா ஆழம் போதாம நின்னுடும், அதனால அந்தத் துப்பாக்கிக்காரங்க நிறைய பேர் தெரிஞ்சே எஃப்எம்ஜே போடுறாங்க. பாயிண்ட் 380 ரெண்டுக்கும் நடுவுல, அதுல ஒவ்வொரு ரவுண்டா டெஸ்ட் பாத்துத் தான் சொல்லணும்.

5. பெட்டி மேல இருக்கிற வீரவசனத்தை விடுங்க, ஆழத்தைப் பாருங்க

ஒரே ஒரு எண்ணை மட்டும் ஞாபகம் வைங்க: 12 முதல் 18 அங்குலம். அமெரிக்காவோட எஃப்பிஐ புலனாய்வு அமைப்பு வெச்ச அளவு இது, சதைக்குப் பதிலா வெச்சு டெஸ்ட் பண்ற பத்து சதவீத ஜெலட்டின் கட்டியில ரவுண்டு இவ்வளவு ஆழம் போகணும். 12க்குக் கீழ போனா கை குறுக்க வந்தாலோ ஆள் பக்கவாட்டுல திரும்பி இருந்தாலோ முக்கியமான இடத்துக்கு எட்டாது, 18க்கு மேல போனா அந்தப் பக்கம் வெளிய போற கவலை. வெறும் ஜெல்ல மட்டும் பாத்துட்டு நிறுத்திடாதீங்க, துணி போட்டு சுட்டுப் பாத்த முடிவையும் தேடுங்க. தடிமனான துணி குழியில அடைச்சுக்கிட்டா விரியாது, நாலு அடுக்கு ஜீன்ஸ் துணி வெச்சு டெஸ்ட் பண்றது அதுக்குத் தான். கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கிற செயற்கை ஜெல் வீடியோ பாக்க அழகா இருக்கும், ஆனா அது உண்மையான ஜெலட்டின் இல்ல, அதுல வர்ற அளவை இந்த 12, 18ஓட நேரா ஒப்பிட முடியாது.

இதைத் தெரிஞ்சுக்காம தான் நான் ரெண்டாவது பெட்டியை வாங்கினேன். செதில் செதிலா வெட்டின செம்பு, உடைஞ்சு சிதறும்னு பெரிய எழுத்துல இருந்துச்சு. சிதறுற ரவுண்டு, உள்ள குட்டி குண்டு வெச்ச ரவுண்டு, பாம்பு எலிக்குப் போடுற ஷாட் ரவுண்டு, இதுல நிறைய ஆழம் போகாது, விலை மட்டும் ஆழமா போகும்.

6. எடை: 115, 124, 147

பெட்டியில "கிரெய்ன்"னு இருக்கிறது புல்லட்டோட எடை, உள்ள இருக்கிற மருந்தோட எடை இல்ல (நானே ஆறு மாசம் அப்படித் தான் நினைச்சுட்டு இருந்தேன்). ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம், 124 கிரெய்ன்னா 8 கிராம். 9x19ல பொதுவா இந்த மூணு எடை தான் கிடைக்கும். லேசானது வேகமா போகும், கனமானது மெதுவா போய் ஆழமா இறங்கும், 147 பெரும்பாலும் ஒலியோட வேகத்துக்குக் கீழ தான் போகும், கையில உதையும் பல பேருக்கு மெத்துன்னு தெரியும்.

பேரல் நீளத்தையும் சேர்த்துப் பாருங்க. பெட்டியில போட்டிருக்கிற வேகம் பெரும்பாலும் 4 அங்குல டெஸ்ட் பேரல்ல எடுத்தது. உங்களோடது 3 அங்குலக் குட்டின்னா வேகம் குறையும், குறைஞ்சா சில ரவுண்டு விரியாமலே போகலாம். அதனால குட்டித் துப்பாக்கிக்கு, குட்டிப் பேரல்ல சுட்டு எடுத்த முடிவை மட்டும் பாருங்க. எதுவும் புரியலன்னா 124ல ஆரம்பிங்க, கெட்டுப் போயிட மாட்டீங்க.

7. பிராண்டு

ஃபெடரல் ஹெச்எஸ்டி, ஸ்பியர் கோல்டு டாட், ஹார்னடி கிரிட்டிகல் டிஃபென்ஸ், அதோட அண்ணன் கிரிட்டிகல் டியூட்டி, வின்செஸ்டர் டிஃபெண்டர், ரெமிங்டன் கோல்டன் சேபர். இதுல உங்க இடத்துல எது தொடர்ந்து கிடைக்குதோ அதை எடுங்க. "தொடர்ந்து"ங்கிறது தான் முக்கியம், ஒரு பெட்டி மட்டும் எங்கயோ கிடைச்ச அதிசய ரவுண்டை வெச்சு டெஸ்ட்டும் பண்ண முடியாது, மாத்தவும் முடியாது. வீட்டுல தானே அடைச்சுக் குடுக்கிறேன்னு நண்பர் யாராவது சொன்னா அன்போட மறுத்துடுங்க. பழகுறதுக்கே அடுத்தவங்க அடைச்சதைப் போட வேண்டாம்பேன், தற்காப்புக்கு கூடவே கூடாது, துப்பாக்கி வாரன்ட்டியும் போகும், நாளைக்கு ஒரு விசாரணை வந்தா "ஏன் இதை விசேஷமா செஞ்சீங்க"ன்னு ஒரு கேள்வி கூடுதலா வரும்.

8. டெஸ்ட்: காசும் நேரமும் இங்க தான் போகும், போகட்டும்

முதல்ல ஒரே ஒரு பெட்டி வாங்குங்க. மொத்தமா வாங்கினா விலை குறையும்னு ஆசை காட்டுவாங்க, சிக்குற ரவுண்டை மொத்தமா வாங்கி என்ன பண்ணப் போறீங்க, என்கிட்ட இன்னும் ரெண்டு பெட்டி அலமாரியில தூங்குது.

கணக்கு இப்படிப் போடுங்க. துப்பாக்கி புதுசுன்னா முதல்ல ஒரு 200, 300 எஃப்எம்ஜே சுட்டுப் பழக்கிடுங்க, இது எப்படியும் உங்களுக்குப் பயிற்சி தானே. அப்புறம் தேர்ந்தெடுத்த ஹாலோ பாயிண்ட்ல ஒரு பெட்டி, அதாவது பெரும்பாலும் 20 ரவுண்டு, சில கம்பெனில 25. சிக்காம போச்சுன்னா இன்னும் நாலு பெட்டி, மொத்தம் 100. 200 சுடணும்னு சொல்றவங்களும் உண்டு, காசும் கணக்கும் இருந்தா சுடுங்க. டிஃபென்ஸ் ரவுண்டு ஒண்ணோட விலைக்கு மூணு நாலு எஃப்எம்ஜே வந்துடும், அதனால இந்தச் செலவைத் துப்பாக்கி வாங்குறப்பவே தனியா எடுத்து வெச்சுடுங்க, நான் அதைப் பண்ணாம தான் நடுவுல காசில்லாம ரெண்டு மாசம் நின்னேன்.

சும்மா நின்னு நிதானமா சுட்டா அது டெஸ்ட் ஆகாது. இருக்கிற எல்லா மேகசினையும் (ரவுண்டை அடுக்கி துப்பாக்கிக்குள்ள சொருகுற பெட்டி) மாத்தி மாத்திப் போடுங்க, முழுசா நிரப்பின மேகசின்ல முதல் ரவுண்டும், காலியாகுற நேரத்துல கடைசி ரவுண்டும் தான் அதிகம் மக்கர் பண்ணும். ஒத்தைக் கையில, பழகாத கையில கொஞ்சம் சுடுங்க. சிக்கினா எந்த மேகசின், எத்தனையாவது ரவுண்டுன்னு எழுதி வைங்க, ஒரே மேகசின்ல மட்டும்னா தோட்டா மேல பழி போடாதீங்க. மணிக்கட்டைத் தளர்வா பிடிச்சாலும் சிக்கும், அனுபவமுள்ள ஒருத்தர் கையில குடுத்து சுடச் சொல்லிப் பாருங்க. மேகசினும் சரி பிடியும் சரின்னு ஆகியும் சிக்குதுன்னா அந்த ரவுண்டு உங்க துப்பாக்கிக்கு ஒத்து வரல, எவ்வளவு பெரிய பேரா இருந்தாலும் மாத்துங்க, எண்ணிக்கையைத் திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிங்க.

டெஸ்ட்டுல ரெண்டு ஆபத்து. ட்ரிகரை அமுக்கியும் வெடிக்கலன்னா உடனே திருப்பிப் பாக்காதீங்க, முன்பக்கம் குறி நோக்கியே 30 நொடி பிடிச்சிருங்க, தாமதமா வெடிக்கலாம். இன்னொண்ணு "பொத்"துன்னு மெலிசா சத்தம் கேட்டு உதையே இல்லன்னா அங்கயே நிறுத்துங்க, புல்லட் பேரலுக்குள்ளயே நின்னிருக்கலாம், அடுத்ததை சுட்டா பேரல் வெடிக்கும். காலி பண்ணி, கழட்டி, பேரல்ல வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க.

9. எங்க படுதுன்னும் பாருங்க

எஃப்எம்ஜேல பழகின குறி ஹாலோ பாயிண்ட்ல அதே இடத்துல விழும்னு இல்ல. பக்கத்துல இருந்து சுடுறப்ப கனமான புல்லட் பொதுவா கொஞ்சம் மேல விழும், ஏன்னா மெதுவா போறதால அது வெளிய வர்றதுக்குள்ள பேரல் கொஞ்சம் கூடத் தூக்கிக்கும். 124 ஹாலோ பாயிண்ட் வெச்சிருந்தா 124 எஃப்எம்ஜேலயே பழகுங்க. அஞ்சு ரவுண்டை வேகமா சுட்டு எவ்வளவு நெருக்கமா விழுதுன்னு பாருங்க. ரெண்டாவது, மூணாவது ரவுண்டு தாள்லயே இல்லன்னா அந்த லோடு (அந்த வகை ரவுண்டு) உங்க கைக்கு அதிகம், என்னோட மூணாவது பெட்டி அப்படித் தான் வெளிய போச்சு.

ரிவால்வர்காரங்களுக்கு தனியா ஒரு சோதனை. ரொம்ப லேசான ரிவால்வர்ல உதையால சிலிண்டரோட (ரவுண்டு போடுற சுழல் உருளை) மத்த அறைகள்ல இருக்கிற புல்லட் கேஸை விட்டு முன்னாடி நகர்ந்து வரும், அது வெளிய துருத்திக்கிட்டா சிலிண்டர் சுத்தாது. ஒரு ரவுண்டை மட்டும் சுடாம விட்டு மத்ததை எல்லாம் சுட்டுட்டு அதை எடுத்து அளந்து பாருங்க, நீளம் கூடியிருந்தா அந்த லோடு வேண்டாம். உதை தாங்க முடியலன்னா பாயிண்ட் 38ல 148 கிரெய்ன் வாட்கட்டர் இருக்கு, தட்டை மூக்கு, மெத்துன்னு இருக்கும், ஆழமும் போதும்.

10. போட்டு வெச்ச பிறகு

எல்லாம் தேறினா இருப்புக்கு ரெண்டு மூணு பெட்டி வாங்குங்க, முடிஞ்சா ஒரே லாட்ல.

பிஸ்டல்காரங்க பெரும்பாலும் கோட்டை விடுறது இது: தினமும் காலி பண்ணி, திரும்ப அதே ரவுண்டை சேம்பர்ல ஏத்திக்கிட்டே இருந்தா ஒவ்வொரு தடவையும் மூக்கு இடிச்சு புல்லட் கேஸுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா அமுங்கும். உள்ள இடம் குறைஞ்சா அழுத்தம் எகிறும், துப்பாக்கியே சேதமாகலாம். ஏத்தி இறக்கின ரவுண்டை பெட்டியில இருக்கிற புது ரவுண்டு பக்கத்துல நிக்க வெச்சுப் பாருங்க, கண்ணுக்கே குட்டையா தெரிஞ்சா ஓரமா எடுத்து வைங்க, சுடாதீங்க. ஒரே ரவுண்டைத் திரும்பத் திரும்ப ஏத்தாதீங்க, மேகசின்ல மாத்தி மாத்தி அடுக்குங்க, ஒரு மார்க்கர்ல அடியில புள்ளி வெச்சா எத்தனை தடவை ஏறுச்சுன்னு கணக்கு தெரியும்.

தோட்டாவை எண்ணெய் போட்டுத் துடைக்காதீங்க, ஊடுருவுற எண்ணெய் ப்ரைமருக்குள்ள (தோட்டா அடியில மருந்தைப் பத்த வைக்கிற குட்டி மூடி) போனா வெடிக்காம போயிடும். ஈரம் இல்லாத, சூடு ஏறாத இடம், பூட்டின பெட்டி, சாவி உங்ககிட்ட மட்டும். வெயில்ல நிக்கிற கார் டேஷ்போர்டு ஆகவே ஆகாது. விமானத்துல போறதா இருந்தா கைப்பையில கூடவே கூடாது, ஏர்லைன்கிட்ட முன்னாடியே சொல்லி, ஒழுங்கான பெட்டியில அடைச்சு, செக்-இன் பெட்டியில தான், ஆளுக்கு 5 கிலோ வரைக்கும், அதுவும் ஏர்லைனும் ரெண்டு நாட்டு சட்டமும் ஒத்துக்கிட்டா.

துப்பாக்கியில ஏத்தி வெச்ச ரவுண்டை நான் வருஷத்துக்கு ஒரு தடவை ரேஞ்சுக்குக் கொண்டு போய் சுட்டுத் தீர்த்துட்டு புதுசு போடுறேன், லைசென்ஸ் புதுப்பிக்கிற தேதி நெருங்குற மாசத்துலயே இதையும் வெச்சுக்கிட்டதால மறக்குறதில்ல. போன தடவை சுட்டப்ப எதுவும் சிக்கல, ஆனா ஒரு ரவுண்டுல ஏழு புள்ளி இருந்துச்சு, அதை மட்டும் சுடாம ரேஞ்ச் ஆளுங்ககிட்ட குடுத்துட்டு வந்தேன்.